கதம்பத்தோட காதுக்குப் பின்னால ஒரு விருந்தாளி

குளத்துல கழுத்து வரைக்கும் முங்கிக்கிட்டு ஒரு எருமை கத்திக்கிட்டிருந்துச்சு.

"ஐயோ, அரிக்குதே! காதுக்குள்ள அரிக்குதே! யாராவது வாங்களேன்!"

அது கத்துனா சும்மா கத்தலா? அக்கரையில துணி தொவைக்கிறவங்களுக்குக் கேக்கும். காட்டுக்குள்ள படுத்திருக்கிற நரிக்கும் கேக்கும். வெக்கம்ங்கிறதே அந்த எருமைக்குக் கிடையாது.

சத்தம் கேட்டு உண்ணிக்கொக்கு பறந்து வந்துச்சு. எருமை முதுகுல எறங்குச்சு. காதுக்குள்ள அலகை விட்டு, ஒட்டியிருந்த உண்ணிய லபக்குனு புடுங்கி முழுங்கிருச்சு.

"இன்னும் கொஞ்சம் கீழ அண்ணே!"

"தலைய ஆட்டாத! நீ ஆட்டுனா எனக்கு எப்படித் தெரியும்?"

"சரி சரி, ஆட்டல. ஐயோ, அங்கதான்! அங்கதான்!"

போன கோடையில இது ரெண்டுக்கும் பெரிய சண்டை. பக்கத்து ஊரு எருமை மேல கொக்கு உக்காந்திருந்துச்சுன்னு யாரோ கோள் மூட்டிவிட, இந்த எருமை கோவிச்சுக்கிட்டுக் குளத்துப் பக்கமே வரல. கடைசியில ஒரு தவளைதான் ரெண்டு பேருக்கும் நடுவுல போய்ப் போய்ப் பேசி சமாதானம் பண்ணி வச்சுச்சு. அந்தத் தவளைக்கும் அதோட மாமனாருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, அது வேற விஷயம். ஊராருக்கு மட்டும் நல்லாப் பண்ணும். அதை விடுங்க. பூனைக்கு வருவோம்.

கரையில நாவல் மரத்து வேரு மேல ஒரு பூனை உக்காந்து இதையெல்லாம் பாத்துக்கிட்டிருந்துச்சு. அது பேரு கதம்பம். வெள்ளை, கருப்பு, செவலை மூணும் கலந்து, கலர் கலரா கட்டுன பூச்சரம் மாதிரி இருக்கும். இப்படி மூணு நிறத்துல ஒரு பூனை பொறந்தா, அது பொட்டப் பூனையாத்தான் இருக்கும். வேணும்னா பாருங்க.

"ச்சீ!"ன்னு மூக்கைச் சுழிச்சுச்சு கதம்பம். "இவ்வளவு பெரிய உடம்ப வச்சுக்கிட்டு, ஒரு அரிப்புக்கு இப்படியா ஊரைக் கூட்டுறது?"

கொக்கு திரும்பிப் பாத்துச்சு. "ஏம்மா பூனைப்புள்ள, உனக்கு உண்ணி ஏறாதா?"

"எனக்கா? நான் காலையில நக்குவேன், மதியம் நக்குவேன், சாயங்காலம் நக்குவேன். என் நாக்குக்குத் தப்பி ஒரு தூசி நிக்குமா?"

"காதுக்குப் பின்னால?"

"என்ன காதுக்குப் பின்னால?"

"அங்க உன் நாக்கு எட்டுமான்னு கேட்டேன்."

கதம்பம் வாலைத் தூக்கிக்கிட்டு நடந்து போயிருச்சு.

கதம்பத்தோட வீடு காட்டோரத்துல இருந்துச்சு. வனத்துறை நர்சரியில மரக்கன்னுங்களுக்குத் தண்ணி ஊத்துற தவமணியோட வீடு. தவமணி ஒண்டிக்கட்டை. அவளுக்குத் துணைன்னா கதம்பமும் ஒரு நாயும்தான். நாய்க்குப் பேரு டைகர். பேருதான் டைகர். பட்டாசு வெடிச்சா பாத்ரூமுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும். ஒருதடவை சுவத்துல இருந்த பல்லி தலையில விழுந்ததுக்கு மயக்கம் போட்டுச்சு.

"புலிக்குச் சொந்தக்காரி நான். பேரு மட்டும் உனக்கு!"ன்னு கதம்பம் அடிக்கடி குத்திக்காட்டும்.

"வேணும்னா மாத்திக்கலாம்டீ. நீ டைகர், நான் கதம்பம்"னு அது வாலை ஆட்டும். டைகருக்குக் கோவம்னா என்னன்னே தெரியாது.

தெனமும் சாயங்காலம் வேலை முடிச்சு வந்து தவமணி வாசப்படியில உக்காருவா. டைகர் ஓடிவந்து மடியில தலைய வச்சுக்கும். காது, கழுத்து, கால் விரல் இடுக்குன்னு ஒண்ணு விடாம தடவிப் பாத்து, உண்ணி இருந்தா எடுத்து மண்ணெண்ணெய் டப்பாவுல போடுவா. டைகர் சொகமா கண்ணை மூடிக்கும்.

"கதம்பம், நீயும் வாடி"ன்னு கூப்புடுவா. கதம்பம் மதிலு மேல ஏறிக்கும்.

"சரி போ. பூனைதான் தன்னைத்தானே நக்கிச் சுத்தமா வச்சுக்குமே. அதுக்கு எங்க உண்ணி ஏறப் போகுது"ன்னு தவமணியும் விட்டுருவா.

அங்கதான் அந்தம்மா தப்புப் பண்ணிட்டா. ஆனா தெரிஞ்சு பண்ணல, பாவம்.

ஒருநாள் கதம்பம் ஓணானைத் தொரத்திக்கிட்டு உண்ணிச்செடிப் பொதருக்குள்ள பூந்துச்சு. அங்க ஒரு புல்லு நுனியில எள்ளு மாதிரி ஒண்ணு, ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நின்னுச்சு. அது ஒரு உண்ணி. கதம்பம் உரசிக்கிட்டுப் போனதும் டக்குனு தொத்திக்கிச்சு. மெல்ல மெல்ல ஏறி, காதுக்குப் பின்னால போய் நின்னுச்சு.

"யாருடி அது, என் மேல ஊருறது?"ன்னு கதம்பம் கத்துச்சு.

"கோவிச்சுக்காதீங்க மகாராணி!"ன்னு ஒரு கீச்சுக்குரல் கேட்டுச்சு. "நான் ஒரு ஏழை. வீடு வாசல் இல்லாதவ. ஒரு ஓரமா ஒட்டிக்கிறேனே."

"எறங்கு மொதல்ல! இல்லைன்னா நாக்காலயே வழிச்சு எறிஞ்சுருவேன்."

கதம்பம் நாக்கை நீட்டுச்சு. எட்டல. தலையச் சாய்ச்சு நீட்டுச்சு. எட்டல. தன்னையே சுத்திச் சுத்தி வந்து, கடைசியில பின்னங்காலால பறபறன்னு சொறிஞ்சுச்சு. உண்ணி முடியைக் கெட்டியாப் புடிச்சுக்கிச்சு.

"மகாராணிக்கு எதுக்கு வீண் சிரமம்?"னு உண்ணி சொல்லுச்சு. "இந்த அழகுக் காதைப் பாத்ததும் நான் அப்படியே மயங்கிட்டேன். இங்க ஒரு தோடு மாதிரி இருந்துட்டுப் போறேன்."

கதம்பத்துக்குக் கொஞ்சம் குளுந்து போச்சு. "கடிப்பியா?"

"கடிக்கிறதா? சின்னதா ஒரு முத்தம். அவ்வளவுதான்!"

"ஸ்ஸ்! இதா முத்தம்?"

"நாயா இருந்தா இந்நேரம் ஓடிப்போய் அந்தம்மா மடியில விழுந்து அழும். எருமையா இருந்தா ஊரையே கூட்டும்." உண்ணி குரலைத் தாழ்த்துச்சு. "ஆனா பூனை? புலி வம்சம்! புலி யார்கிட்டயாவது போய் வலிக்குதுன்னு சொல்லுமா?"

"சொல்லாது"ன்னு கதம்பம் சொல்லுச்சு.

அந்த ஒரு வார்த்தை உண்ணிக்குப் போதும். வாயை நல்லாப் பதிச்சுக்கிட்டு ரத்தம் குடிக்க ஆரம்பிச்சிருச்சு.

கதம்பத்தையும் முழுசாக் குத்தம் சொல்ல முடியாது. அதோட அம்மா வீடு வாசல்னு எதுவும் இல்லாம காட்டுல திரிஞ்ச பூனை. குட்டியா இருக்கும்போதே அம்மா சொல்லி வளத்துருக்கு: "நோவு வந்தா மூச்சு காட்டக் கூடாதுடி. நீ நொண்டுனா நரி பாத்துரும். நீ மொனகுனா கழுகு கேட்டுரும்." சொன்னது மட்டுமில்ல, செஞ்சும் காட்டுச்சு. ஒருதடவை கால்ல முள்ளு ஏறி, ரத்தம் சொட்டிக்கிட்டிருக்கு. எதுக்க நரி. அம்மாப்பூனை என்ன பண்ணுச்சு தெரியுமா? கல்யாண வீட்டுக்குப் போறவ மாதிரி நிமுந்து, நேரா நரி மூக்குக்கு முன்னால நடந்து போச்சு! நரிக்கே சந்தேகம் வந்து வழி விட்டுருச்சு. அன்னைக்கு அந்த அம்மா நொண்டியிருந்தா நம்ம கதம்பமும் இல்ல, இந்தக் கதையும் இல்ல.

அதனால கதம்பம் கமுக்கமா இருந்துச்சு.

நாள் ஆக ஆக உண்ணி மொளகு அளவு ஆச்சு, அப்புறம் ஆமணக்கு முத்து மாதிரி உப்பிப்போச்சு. கதம்பம் ஒருநாள் குளத்துக்குத் தண்ணி குடிக்கப் போனப்ப கொக்கு பாத்துருச்சு.

"பூனைப்புள்ள! காதுக்குப் பின்னால ஒருத்தர் பந்தி போட்டு உக்காந்திருக்காரு போல?"

"அது... அது தோடு."

"தோடா! இந்தத் தோட்டை நான் ஆயிரம் தின்னுருக்கேன். வா, குனி. ஒரு நொடியில எடுத்துடுறேன். ஆனா ஒரு வார்த்தை குடு. நான் பக்கத்துல வந்தா என் மேல பாய மாட்டியே?"

கதம்பம் ஒரு நிமிஷம் யோசிச்சுச்சு. நிஜமாவே அரிச்சுச்சு. ஆனா குளத்துல எருமை பாத்துக்கிட்டிருக்கு. தவளை பாத்துக்கிட்டிருக்கு. பறவை புடிக்கிற பூனை, ஒரு பறவை முன்னால போய்த் தலை குனியுறதா?

"போய் உன் எருமையப் பாரு!"ன்னு சீறிட்டு ஓடிருச்சு.

"பாத்தீங்களா? இதுதான் மகாராணிக்கு அழகு!"ன்னு காதுக்குப் பின்னால இருந்து உண்ணி கைதட்டுச்சு. வாய் நெறைய ரத்தம்.

வீட்டுக்கு வந்தா, டைகர் வழிய மறிச்சுக்கிட்டு மோந்து பாத்துச்சு. உண்ணி வாசனை நாய்க்குத் தெரியாம இருக்குமா?

"ஏய், உன் மேல உண்ணி! இரு இரு, என் முதுகுல மருந்து ஊத்திருக்காங்க. வந்து உரசிக்கோ. நமக்குள்ள என்ன, எனக்கு ஒண்ணுன்னா உனக்குப் பாதி!" பாசம் பொங்க முதுகைக் காட்டிக்கிட்டு வந்த டைகர், பாதியில அப்படியே நின்னுருச்சு. "ஐயையோ! வராத! கிட்ட வராதடீ! நாய்க்கு ஊத்துற இந்த மருந்து பூனைக்கு விஷம்னு டாக்டரம்மா சொன்னாங்க. பட்டா வலிப்பு வந்துருமாம். அதுக்குத்தான் இது காயுற வரைக்கும் என்னைக் கொட்டகையில கட்டிப் போட்டிருந்தாங்க. உனக்குத் தனி மருந்து இருக்கு. தவமணியம்மாகிட்டப் போய்க் காட்டு."

"மாட்டேன். நீயும் காட்டிக்குடுக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

"ஏண்டீ?"

"பண்ணுறியா, இல்ல இனிமே உன்கூட டூ விடட்டுமா?"

டைகருக்கு டூ விடுறதுன்னா உசுரே போன மாதிரி. சத்தியம் பண்ணிருச்சு.

கொஞ்ச நாள்ல உண்ணிக்கு வயிறு நெறஞ்சுச்சு. "நான் வரேன் மகாராணி. நல்ல சாப்பாடு!"ன்னு தானா உதுந்து, புல்லுக்குள்ள உருண்டு போயிருச்சு.

"பாத்தியாடா?"ன்னு கதம்பம் டைகர்கிட்டப் பெருமையடிச்சுச்சு. "யார்கிட்டயும் போய் நிக்காம, ஒரு பொட்டுக் கண்ணீர் விடாம, முடிச்சிட்டேன்!"

ஆனா முடியல. உண்ணி போயிருச்சு, அது கொண்டாந்த காய்ச்சல் போகல. கண்ணுக்குத் தெரியாத கிருமி, உண்ணி எச்சில் வழியா கதம்பத்தோட ரத்தத்துக்குள்ள எறங்கியிருந்துச்சு. தன் வாயில அப்படி ஒண்ணு இருந்தது அந்த உண்ணிக்கே தெரியுமோ தெரியாதோ. அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் அதோட வயித்துப்பாடுதான்.

மொதல்ல கதம்பத்தால மதிலு ஏற முடியல. அப்புறம் மீன் வாசனை புடிக்கல. யோசிச்சுப் பாருங்க, பூனைக்கு மீன் வாசனை புடிக்கலன்னா அது என்ன பூனை! உடம்பு அனலாக் கொதிச்சுச்சு. கிண்ணத்துல மத்தி மீன் அப்படியே கெடந்துச்சு.

"டைகர், இதைத் தின்னுரு."

"எனக்கா? முழுசாவா?"

"ம். நக்கித் தொடச்சு வச்சுரு."

டைகருக்கு ஒரே குஷி. கிண்ணம் பளபளன்னு ஆயிருச்சு. தவமணி வந்து பாத்து, "என் கதம்பத்துக்கு இன்னைக்கு நல்ல பசி போல!"ன்னு சந்தோசப்பட்டா. மறுநாளும் அப்படித்தான். அதுக்கு மறுநாளும் அப்படித்தான். நர்சரியில அப்போ கன்னு நடுற நேரம். தவமணி இருட்டோட போய் இருட்டோட வருவா. காலிக் கிண்ணத்தைப் பாத்தா அவளுக்கு மனசு நெறஞ்சுரும்.

நாலஞ்சு வேளை தின்னதுக்கு அப்புறம்தான் டைகர் மண்டையில ஏதோ ஒறைச்சுச்சு. கதம்பம் கொட்டாவி விட்டப்ப பாத்துச்சு. ஈறெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்துக் கெடந்துச்சு.

"ஏண்டீ, உன் வாய்க்குள்ள செவப்பே இல்லியே."

"உன் வேலையப் பாரு."

"மூச்சு ஏன் இப்படி வாங்குது?"

"ஓடிட்டு வந்தேன்."

"நீ காலையில இருந்து படுத்துத்தான கெடக்குற?" டைகருக்கு அழுகை வந்துருச்சு. "உன் மீனையெல்லாம் நான் தின்னுட்டேனே! அம்மாகிட்டச் சொல்லிரலாம் வாடீ."

"சொன்னா, செத்தாலும் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

அன்னைக்கு மத்தியானம் வானம் கருத்துக்கிட்டு நின்னுச்சு. டைகர் கொஞ்சம் கண்ணசந்த நேரம் பாத்து, கதம்பம் எழுந்து, காலை இழுத்து இழுத்துக் குளத்துக்கரைக்குப் போச்சு. உண்ணிச்செடிப் பொதருக்குள்ள நொழஞ்சு, ஈர மண்ணுல வயித்தை அமுக்கிப் படுத்துக்கிச்சு. பூனைங்க அப்படித்தான். ரொம்ப முடியலன்னா யாரும் பாக்காத எடம் தேடிப் போயிரும். கூட்டத்தோட கூட்டமா இருந்தா நாலு பேரு கேப்பாங்க பாருங்க, அந்தக் கேள்வி அதுக்கு ஆகாது.

மழை பிடிச்சுச்சு.

தவமணி நனைஞ்சுக்கிட்டே வீட்டுக்கு ஓடிவந்தா. மழைன்னா கதம்பம் அடுப்படியிலதான் சுருண்டு கெடக்கும். இன்னைக்கு இல்ல. கட்டிலுக்கு அடியில இல்ல. பரண்ல இல்ல. டைகர் அவ காலைச் சுத்திச் சுத்தி வந்து ஊளையிடுது.

"என்னடா? எங்கடா அவ?"

ஒரு பழைய கோணியைத் தலையில போட்டுக்கிட்டு, கையில மீன் கிண்ணத்தை எடுத்துக் கரண்டியால தட்டிக்கிட்டே கெளம்பிட்டா. டைகரும் பின்னாலயே ஓடுச்சு, ஆனா மழையில மோப்பமெல்லாம் கரைஞ்சு போயிருந்துச்சு.

டிங்! டிங்! டிங்! "கதம்பம்! கதம்பம்மோய்!"

பொதருக்குள்ள இருந்த கதம்பத்துக்கு அந்தச் சத்தம் கேட்டுச்சு. காது மட்டும் ஆடுச்சு. வாயைத் தெறக்கல.

அப்போ இன்னொரு சத்தமும் கேட்டுச்சு. சருகு மிதிபடுற சத்தம்.

"யாரு உள்ள? தங்கச்சியா?" நரியோட குரல். தேனு மாதிரி. "மழைக்கு ஒதுங்குனியா? இல்ல, ஒடம்புக்கு ஏதும் சரியில்லையா? அண்ணன்கிட்டச் சொல்லு, தப்பில்ல."

கதம்பம் மூச்சை அடக்கிக்கிச்சு. ஒரு மீசை மயிரு கூட ஆடல.

"பேச மாட்டியா? சரி. காய்ச்சல் வாசனை எனக்கு நல்லாத் தெரியும் தங்கச்சி. ஆனா நகமெல்லாம் இன்னும் இருக்கா, தேஞ்சுபோச்சான்னு தெரியலையே. எனக்கு அவசரம் இல்ல." நரி பொதரைச் சுத்தி வந்துச்சு. ஒரு பக்கமா உக்காந்துக்கிச்சு.

டிங்! டிங்! சத்தம் குளத்துக்கரையில கேட்டுச்சு. கிட்ட வந்துச்சு. கதம்பம் மௌனமாவே இருந்துச்சு. அப்புறம் கிண்ணச்சத்தம் மெல்ல மெல்லத் தள்ளிப் போச்சு. தவமணி ரோட்டுப் பக்கம் போறா. வண்டியில கிண்டியில அடிபட்டுக் கெடக்குதோன்னு அவளுக்குப் பயம். அழுதுக்கிட்டே கூப்புடுறா. "எங்கடி இருக்க? ஒரு சத்தம் குடேன்டி!"

கதம்பம் பொதருக்குள்ள கெடந்து நெனச்சுச்சு. 'வெளிய நரி உக்காந்திருக்கு. நான் வாய மூடிக்கிட்டிருக்கேன். அது சரி. அங்க இந்தம்மா அழுதுக்கிட்டிருக்கா. அவகிட்டயும் வாய மூடிக்கிட்டிருக்கேன். அவ நரியா? என்னைத் திங்கவா தேடுறா?'

கத்துனா நரிக்கும் கேக்கும். தவமணிக்கும் கேக்கும். யாரு முந்தி வருவாங்கன்னு யாருக்குத் தெரியும்? ஆனா கத்தலன்னா, நரி உக்காந்தே ஜெயிச்சுரும்.

கதம்பம் வாயைத் தெறந்துச்சு. மொதல்ல காத்துதான் வந்துச்சு. ரெண்டாவது தடவை, உள்ள இருந்த பலமெல்லாம் சேத்துக் கத்துச்சு.

"மியாவ்! அம்மா! முடியல! எனக்கு ரொம்ப முடியல!"

மனுசங்களுக்கு மிருகங்க பேச்சு புரியாது. அழுகை புரியும். தவமணி கிண்ணத்தை அப்படியே போட்டுட்டுத் திரும்பி ஓடிவந்தா.

நரியும் எழுந்துருச்சு. "ஓஹோ! நகமெல்லாம் தேஞ்சுதான் போச்சு!" ஒரே பாய்ச்சல்ல மூஞ்சியப் பொதருக்குள்ள விட்டுச்சு. அதோட மூச்சு கதம்பத்து மேல பட்டுச்சு.

"வவ்!"

தவமணிக்கு முன்னால பறந்து வந்தது டைகர். பல்லி விழுந்ததுக்கு மயங்குன அதே டைகர்! நரி வாலைக் கவ்வி இழுத்துச்சு. காலெல்லாம் வெடவெடன்னு நடுங்குது, ஆனா கவ்வுன பல்லை விடல.

"விடுடா! விடுடா நாயே!"

டைகர் வாயில வால் இருக்கும்போது பதில் எப்படிச் சொல்லும்? "ம்ம்ம்!"னு மட்டும் சொல்லுச்சு. அதுக்குள்ள தவமணி கரண்டியோட வர்றதைப் பாத்துட்டு, நரி வாலை உருவிக்கிட்டு, "ஒரு வத்தப் பூனைக்கா இவ்வளவு அமர்க்களம்!"னு பொலம்பிக்கிட்டே காட்டுக்குள்ள ஓடிருச்சு. டைகர் வாயில கொஞ்சம் முடி மிச்சம்.

தவமணி முள்ளையும் பாக்காம பொதருக்குள்ள கையை விட்டுக் கதம்பத்தை வெளிய எடுத்தா. அது துணி மாதிரி தொவண்டு கெடந்துச்சு. முந்தானையில சுத்தி நெஞ்சோட அணைச்சுக்கிட்டா.

"இவ்வளவு சூடா இருக்கியேடி! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

பக்கத்து வீட்டுக்காரர் மொபெட்ல ஏறி, மாட்டாஸ்பத்திரிக்குப் போனாங்க. பேருதான் மாட்டாஸ்பத்திரி. அங்க ஆடு, கோழி, முயல் எல்லாம்தான் வரும். ஒருதடவை ஒருத்தர் ஆமையைக் கொண்டுவந்து, "ரொம்ப மெதுவா நடக்குது டாக்டர்"னாராம்.

டாக்டரம்மா கதம்பத்தோட ஈறைப் பாத்தாங்க. கண்ணு இமைய இழுத்துப் பாத்தாங்க. ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடியில வச்சுப் பாத்தாங்க. அப்புறம் முடிய வெலக்கிக்கிட்டே வந்து, காதுக்குப் பின்னால நிறுத்துனாங்க. அங்க சின்னதா ஒரு பொருக்கு.

"உண்ணி கடிச்சிருக்கும்மா. அதுல வந்த காய்ச்சல்தான் இது."

"பூனைக்கு உண்ணி ஏறாதுன்னுல டாக்டர் நெனச்சிருந்தேன்! அதுவே நக்கிக்குமே!"

"நாக்கு எட்டுற எடத்துல நக்கிக்கும். எட்டாத எடத்துல நீங்கதான் பாக்கணும்." டாக்டரம்மா திட்டல, தன்மையாத்தான் சொன்னாங்க. "ரத்தம் ரொம்பக் கொறஞ்சுருக்கு. மருந்து ஏத்துறேன். பொழைக்கும்னு இப்பவே என்னால சத்தியம் பண்ண முடியாது. இன்னைக்கே கொண்டுவந்தீங்க, அதனால ஒரு வழி இருக்கு. நாளைக்குன்னா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

குளுக்கோஸ் ஏறுச்சு. ஊசி போட்டாங்க. கதம்பம் ஒரு முனகல்கூட இல்லாம கெடந்துச்சு. இந்தத் தடவை மௌனம் வீம்புல இல்ல. கத்த உடம்புல தெம்பு இல்ல.

அப்புறம் தெனமும் முந்தானைக்குள்ள கதம்பம், மொபெட்டு, மாட்டாஸ்பத்திரி. தவமணி லீவு போட்டுட்டு, மீன் வேகவச்ச தண்ணிய விரல்ல தொட்டுத் தொட்டு நாக்குல வச்சா. மாத்திரையைப் பொடிச்சுத் தேன்ல கொழச்சுக் குடுத்தா. அதுல பாதி தவமணி சேலையில ஒழுகும். டைகர் கட்டிலுக்குக் கீழயே கெடந்துச்சு. அதுக்குச் சோறு வச்சா, "அவ தின்னாளா?"ங்கிற மாதிரி மேல பாக்கும்.

ஒருநாள் காலையில டாக்டரம்மா வழக்கம்போல தொடையில ஊசியைக் குத்துனாங்க.

"மியாஆஆவ்!"

கதம்பம் போட்ட சத்தத்துல வரிசையில நின்ன ஆடெல்லாம் துள்ளிருச்சு. ஒரு கோழி கூடையில இருந்து பறந்துருச்சு. கதம்பம் டாக்டரம்மா கையுறையைக் கடிச்சு, மேசை மேல இருந்த பஞ்சைப் பூராவும் எறச்சு, தவமணி தோள் மேல ஏறி நின்னு திட்டித் தீத்துருச்சு.

"கத்துறா டாக்டர்! கத்துறா!" தவமணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு.

"கத்தட்டும்மா, கத்தட்டும்." டாக்டரம்மா கையுறையைப் பாத்துச் சிரிச்சாங்க. "கத்துறதுக்கும் உசுரு வேணும்ல. இனிமே பயமில்ல."

வீட்டு வாசல்ல டைகர் காத்துக்கிட்டு நின்னுச்சு. கதம்பம் தவமணி கையில இருந்து தானா எறங்கி, மெதுவா நடந்து கிட்ட வந்துச்சு. முன்னால மாதிரின்னா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நேரா மதிலு ஏறியிருக்கும். இப்போ டைகர் பக்கத்துல உக்காந்து, பின்னங்காலை லேசா நீட்டுச்சு.

"டேய்."

"என்னடீ?"

"இங்க வலிக்குதுடா."

டைகர் பக்கத்துல படுத்து, ஊசி போட்ட எடத்தைச் சுத்தி மெதுவா நக்கிக் குடுத்துச்சு. கதம்பம் கண்ணை மூடிக்கிச்சு.

நம்ம வலிய நம்மளத் திங்க வர்றவன்கிட்ட மறைக்கலாம், ஆனா நம்ம மேல பாசம் வச்சவங்ககிட்ட மறைச்சா அந்த வலியே நம்மளத் தின்னுரும்.